செங்கோட்டையில் ஒரு கணினிப் பழுதுக் கடை: மூன்று பழைய இயந்திரங்களும் ஆறு மாத அனுபவமும்

செங்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு தையல் கடைக்கும் உரக்கடைக்கும் இடையே, பத்தடிக்கு எட்டடி அளவில் ஒரு கணினிப் பழுதுக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையின் முன்பாதி எழுத்துகளை மழை அழித்துவிட்டதால் ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன; ஊரிலும் ‘சர்வீஸ் கடை’ என்றே சொல்கிறார்கள். நான் புளியரைச் சாலையில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவன். 2025 ஆடி மாதத்தில் அலுவலகக் கணினி ஒன்று, மகளின் மடிக்கணினி ஒன்று, வீட்டுப் பரணில் கிடந்த மேசைக் கணினி ஒன்று என மூன்றை இந்தக் கடையில் கொடுத்து வாங்கினேன். தை பிறக்கும்வரை மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

எங்கள் பக்கத்துக் கணினிகளுக்குத் தூசியைவிட ஈரமே பெரிய எதிரி. தென்மேற்குப் பருவக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கி ஆனி, ஆடி மாதங்களில் சாரலாகப் பொழியும்போது, குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சுகம். ஆனால் கதவைச் சாத்தி வைத்த அலுவலகத்தில் பேரேட்டுத் தாள்கூட நமுத்துப்போகும் அந்த நாட்களில், இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் செம்புக் கம்பிகளும் ஈயப் பற்றுகளும் என்ன பாடுபடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் அலுவலகக் கணினி அப்படியொரு சாரல் நாளில்தான் நின்றது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், மூன்று முறை ‘பீப்’ என்று கத்தும், திரை கறுப்பாகவே இருக்கும்.

முதலில் வேறோர் ஊரில் உள்ள ஒரு கடைக்குத்தான் அதைக் கொண்டுபோனோம். அங்கே பெட்டியைத் திறக்காமலே, எல்லா உறுப்புகளும் பொருந்தியிருக்கும் தாய்ப்பலகையைச் சுட்டி, ‘போர்டு போய்விட்டது, பதினைந்து வருடத்துப் பொருளுக்குப் போர்டு கிடைக்காது’ என்று சொல்லி, புதிய கணினிக்கு 38,000 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். முதலாளி வாங்கிவிடலாம் என்றுதான் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் பணம் மட்டுமன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

செங்கோட்டைக் கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். என்னை ‘அண்ணாச்சி’ என்பார், நான் ‘தம்பி’ என்பேன். கணினியை மேசையில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘என்ன ஆச்சு?’ என்பதன்று, ‘இதுல என்ன வேலை பாக்கீங்க, அண்ணாச்சி?’ என்பதுதான். இந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கலாம் என்று நினைக்கிறேன். பழைய கணினி ஒன்றுக்கு எவ்வளவு செலவழிக்கலாம், எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அது செய்யப்போகும் வேலையைப் பொறுத்தவை. வேலை தெரியாமல் சொல்லப்படும் விலை, நோயைக் கேட்காமல் எழுதப்படும் மருந்துச் சீட்டைப் போன்றது.

பெட்டியை என் கண்முன்னேதான் திறந்தார். ராம் எனப்படும் தற்காலிக நினைவகப் பட்டையைக் கழற்றி விளக்கடியில் பிடித்தபோது, அதன் ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறமாய் மின்ன வேண்டிய கால்கள் மங்கிப்போய், நாலைந்து கால்களின் மேல் பித்தளைக் குத்துவிளக்கின் இடுக்கில் படிவதைப்போல் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. ‘போர்டு போகல. களிம்பு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்’ என்றார். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரால் கால்களை ஒரே திசையில் மெல்லத் தேய்த்தார். ரப்பர்த் துகள்களைத் தூரிகையால் தட்டினார். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அது உலரும்வரை காத்திருந்தார். செருகும் பள்ளத்தையும் விடவில்லை. ஒரு தடித்த அட்டைத் துண்டின்மேல் அதே துணியைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தபோது துணி சாம்பல் நிறமாக வந்தது. பட்டையை இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கொளுவி விழும்படி அழுத்திப் பொத்தானைத் தட்டியதும், ஒரே ஒரு பீப் ஒலியோடு திரை வந்தது. முழு வேலைக்கும் இருபது நிமிடம் ஆகியிருக்கலாம்.

திரை வந்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தேதி 2010 ஜனவரி 1 என்று காட்டியது. போர்டில் பதிந்திருக்கும் சிஆர்2032 என்ற காசு அளவு மின்கலம் தீர்ந்துவிட்டதே காரணம். இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் தேதி பின்னுக்குப் போனால் ரசீதில் தவறான நாள் அச்சாகும். இணையத்தில் இருக்கும் கணினியாக இருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று உலாவி மறுத்துவிடும். மக்களோ ‘நெட் வேலை செய்யவில்லை’ என்று இணைப்புக்காரரைத் திட்டுவார்கள். நாற்பது ரூபாய்க் கலத்தில் தீரும் பிரச்சினை அது.

புதிய கணினி ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு வருகிறேன். எங்கள் புக்கிங் மென்பொருள், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்காகப் பாக்ஸ்புரோ என்ற மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல். அனுப்புபவருக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என மூன்று படிகள் கார்பன் தாளில் ஒரே அடியில் விழ வேண்டும் என்பதால் இன்றும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியே எங்களுக்குப் பயன்படுகிறது. ஊசி அடித்து அழுத்தினால்தான் அடித்தாளில் எழுத்து விழும், லேசரும் இங்க்ஜெட்டும் அதைச் செய்ய முடியாது. அந்த அச்சுப்பொறி இருபத்தைந்து துளைகள் கொண்ட பாரலல் போர்ட்டில் இணைகிறது; நிரலும் எல்பிடி1 என்ற அந்த வாசலுக்கு நேரடியாகவே அனுப்புகிறது. புதிய போர்டுகள் பெரும்பாலானவற்றில் அந்த வாசலே இல்லை. அது இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் 16 பிட் டாஸ் நிரல்கள் 32 பிட் விண்டோஸில் மட்டுமே நேரடியாக ஓடும். விண்டோஸ் 11 என்பதோ 64 பிட்டில் மட்டுமே வருகிறது. ஆக, 38,000 ரூபாய் கொடுத்துப் புதிய கணினியை வாங்கியிருந்தால், அடுத்த நாளே புதிய மென்பொருளையும் புதிய அச்சுப்பொறியையும் தேடி அலைந்திருப்போம். முதல் கடையில் இதை யாரும் கேட்கவில்லை. இவர் அச்சுப்பொறியின் கேபிளைப் பார்த்த மாத்திரத்திலேயே புரிந்துகொண்டார்.

நான் வழக்கமான எண்ணத்தில் ‘ராமைக் கூட்டிவிடலாமா, தம்பி?’ என்று கேட்டேன். டாஸ் நிரலுக்கும் 32 பிட் விண்டோஸ் 7க்கும் இருக்கிற 2 ஜிபியே தாராளம், வீண்செலவு என்று மறுத்துவிட்டார். மாறாக, ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைச் சோதித்துக் காட்டினார். கெட்டுப்போன பகுதிகளை ஒதுக்கி வேறிடத்தில் மாற்றி எழுதிய எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். எங்களுடையதில் அது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கையாக நின்றது. உடனே, சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வைத்து, முழு டிஸ்க்கையும் அப்படியே படியெடுத்தார். படியெடுக்கும் நேரம் முழுவதும் என்னை அங்கேயே உட்காரச் சொன்னார். பழைய டிஸ்க்கை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்து, ‘கணக்கெல்லாம் இதுல இருக்கு, எங்கிட்ட விட்டுட்டுப் போகாதீங்க’ என்றார். வாடிக்கையாளரின் தகவலை இவ்வளவு மரியாதையாக நடத்தும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எஸ்எஸ்டியால் வரும் வேறுபாட்டைப் பலர் மிகைப்படுத்துவதாக நான் எண்ணியிருந்தேன். அது என் தவறு. ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின்மேல் முனை நகர்ந்து ஒரு தகவலைத் தேடிச் சேரப் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பே இல்லாததால் அது பத்தில் ஒரு மில்லி விநாடி அளவிலேயே முடிகிறது. விண்டோஸ் துவங்கும்போது சிறுசிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் திறக்கப்படுவதால், இந்தச் சிறு வேறுபாடு கூடிக்கூடி நிமிடங்களாகிறது. முன்பு காலையில் பொத்தானை அழுத்திவிட்டுச் சாமி படத்துக்குப் பூ வைத்து ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தாலும் திரையில் காத்திருப்பு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் வந்துவிடுகிறது. எஸ்எஸ்டி 1,100, மின்கலம் 40, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவி உட்புறம் ஊதிச் சுத்தம் செய்தது 250, கூலி 500. ஆக 1,890 ரூபாய்.

கிளம்பும்போது அவர் செய்த ஒரு காரியம் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கணினியின் நெட் கேபிள் வாசலில் ஒரு காகித ஒட்டுத்துண்டை ஒட்டி, இனி இதில் இணையம் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். விண்டோஸ் 7க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. குரோம் உலாவியும் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கணக்கையும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லையும் திறப்பது, பூட்டில்லாத கடையில் கல்லாவை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம் என்பதை யோசித்தபோது ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் எங்களுக்கு இணையம் இல்லாமல் ஒருநாளும் நகராது. மாநிலம் கடக்கும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்; எங்கள் வண்டிகளில் பெரும்பாலானவை புளியரையைத் தாண்டிக் கொல்லத்துக்கும் கோட்டயத்துக்கும் போகிறவை.

அதற்குத்தான் இரண்டாவது இயந்திரம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, அவள் திருமணமாகிப் போன பிறகு பீரோவின் மேல் கிடந்தது. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வாங்கிய கணினிகள் தென்காசி மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இப்படி உறங்குகின்றனவோ! அதன் பேட்டரி இலேசாக உப்பியிருந்ததைப் பார்த்த உடனே கடைக்காரர் முகம் மாறியது. மற்ற எதையும் தொடாமல் முதலில் அதைக் கழற்றி வெளியே திண்ணையில் வைத்தார். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும் என்பதால், வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் சார்ஜில் போடாமல் எடுத்து வருவதே நல்லது. பிறகு 256 ஜிபி எஸ்எஸ்டி, ஏற்கெனவே இருந்த 2 ஜிபியோடு பயன்படுத்திய 4 ஜிபி ராம் ஒன்று, அதன்மேல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இயங்குதளம். மொத்தம் 2,850 ரூபாய். மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி, வசதியாக இருக்க 4 ஜிபி நினைவகம் போதும்; இலவசம் என்பதோடு, பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வருகின்றன. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் கேட்கும் விண்டோஸ் 11 இந்த மடிக்கணினியில் முறைப்படி ஏறவே ஏறாது. ஆறு மாதமாக எங்கள் இ-வே பில் அனைத்தும் இதில்தான் போடப்படுகின்றன. தமிழ்99 விசைப்பலகையையும் அவரே அமைத்துக் கொடுத்தார். லினக்ஸ் என்றால் தமிழ் தட்ட முடியாது என்ற என் பயம் பத்து நிமிடத்தில் போயிற்று. குறை ஒன்று உண்டு: பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே ஓடுவதால், மின்சாரம் போனால் அதே நொடியில் அணைந்துவிடும். அலுவலக யுபிஎஸ்ஸில் இணைத்துத்தான் வைத்திருக்கிறோம்.

கடையில் காத்திருந்த நேரத்தில் வேறொரு காட்சியையும் பார்த்தேன். புனலூர்ப் பேருந்தில் ஆரியங்காவிலிருந்து வந்த ஒருவர் ஒரு பென்டியம் 4 கணினியைத் தோளில் சுமந்துவந்து வைத்தார். கேரளப் பள்ளிகளில் அம்மாநிலக் கல்வித்துறையைச் சேர்ந்த கைட் நிறுவனத்தின் லினக்ஸ் அமைப்பிலேயே பாடம் நடப்பதால், மகன் வீட்டிலும் அதையே பழக வேண்டும் என்று கேட்கிறானாம். கடைக்காரர் மலையாளத்திலேயே பதில் சொன்னார். இந்தச் செயலி பழைய அடுப்பைப்போல் மின்சாரத்தைத் தின்னும், இன்றைய அமைப்பு இதில் ஏறாது, இதன்மேல் ஐந்நூறு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம், சேட்டா என்றார். தன் அலமாரியில் இருந்த பழையதானாலும் பென்டியம் 4ஐவிடப் புதிய கோர் 2 டியோ பெட்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார்; வந்தவர் யோசித்துச் சொல்வதாகத் திரும்பினார். எட்டாயிரம் ரூபாய் வேலை என்று சொல்லி அந்தப் பென்டியம் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளக் கடைக்காரருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. சரிசெய்யத் தெரிந்தவர் பலர் உண்டு. சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லும் பழுதுக்காரரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

மூன்றாவது, என் வீட்டுப் பரணில் கிடந்த மேசைக் கணினி. பவர் சப்ளைப் பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டு, ஓடுகள் விசிறியில் சிக்கியிருந்தன. அந்தப் பெட்டியை அவர் திறந்து சுத்தம் செய்யவில்லை; உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கொஞ்ச நேரம் கடிக்கும், மாற்றிவிடுவதே முறை என்றார். ராமைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கத்தை இங்கே கற்றுக்கொண்டேன். அலமாரியில் இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 பட்டைகள் இருந்தன. ஒன்றில் ஒரே பக்கம் எட்டுக் கறுப்புச் சில்லுகள். மற்றதில் இரு பக்கமும் சேர்த்துப் பதினாறு. ‘ஜி41 போர்டு இது. எட்டுச் சில்லு பட்டையைப் போட்டா பீப் அடிச்சுக்கிட்டே கிடக்கும், பதினாறுதான் எடுக்கும்’ என்றார். போர்டைக் கட்டுப்படுத்தும் அந்தக் காலத்துச் சிப்செட்டுக்கு அடர்த்தி மிகுந்த சில்லுகளைப் படிக்கத் தெரியாது என்பதே காரணம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று எட்டுச் சில்லுப் பட்டையை வாங்கிவிட்டு ‘போர்டு கெட்டுவிட்டது’ என்று முடிவுகட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்ததால் மாற்றவில்லை. பவர் சப்ளை 850, ராம் 700, கூலி 300. மொத்தம் 1,850 ரூபாய்.

அந்தக் கணினியை நான் எடுத்து வந்ததன் காரணம் அதன் பின்புறத்தில் இருக்கும், வெளியிலிருந்து ஒலியை உள்வாங்கும் ‘லைன் இன்’ எனும் நீல நிறத் துளை. என் தகப்பனார் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் கொடைகளில் அவர் குழு பாடியதை அந்நாளில் பதிவு செய்த ஒலிநாடாக்கள் முப்பத்தொன்று எங்கள் வீட்டில் இருக்கின்றன. சாரல் ஈரத்தில் சிலவற்றின் நாடா ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படரத் தொடங்கிவிட்டது. டேப் ரெக்கார்டரின் லைன் அவுட்டை அந்த நீலத் துளையில் செருகி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் பதிவு செய்கிறேன். அறுபது நிமிட நாடா ஒன்று ஏறத்தாழ 600 எம்பி ஆகிறது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் மைக் துளை மட்டுமே இருப்பதால் ஒலி வெடித்துக் கரகரக்கும். பழைய மேசைக் கணினியோ இந்த வேலைக்கென்றே செய்ததைப்போல் இருக்கிறது. அப்பா சொல்லச் சொல்ல நான் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்த பாட்டுக் கோப்புகளும் அதிலேயே இருந்தன. முதலில் திறந்தபோது எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்து நெஞ்சு பதறிவிட்டது; கடைக்காரர் பாமினி எழுத்துருவை நிறுவி, பிறகு யூனிகோடுக்கு மாற்றும் வழியையும் காட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சொன்ன நாளில் வேலை முடிவதில்லை. மடிக்கணினிக்கு இரண்டு நாள் என்றவர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார், இடையில் தொலைபேசியையும் எடுக்கவில்லை. பில் கொடுக்கும் வழக்கமே இல்லை. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டிக் காட்டுவதுதான் கணக்கு. அலுவலகக் கணக்கில் செலவு எழுத வேண்டிய என் போன்றோருக்கு இது சங்கடம். பயன்படுத்திய உதிரிப் பொருள்களுக்கு உறுதிமொழி கிடையாது. மடிக்கணினியில் முதலில் போட்ட ராம் பன்னிரண்டு நாளில் தகராறு செய்தது. கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்தார் என்றாலும், ஓர் இரவு முழுக்கச் சோதனை நிரலை ஓட்டிப் பார்த்த பிறகு கொடுத்திருக்கலாம். பெட்டி திரும்பி வரும்போது பக்கத் தகட்டில் நான்கு திருகுக்குப் பதில் இரண்டுதான் இருந்தன. இவற்றைவிட என்னை வருத்தியது வேறு. உப்பிய பேட்டரிகளைப் பழைய இரும்புக்காரரிடம் மற்ற கழிவுகளோடு சேர்த்தே போடுகிறார். மின்னணுக் கழிவுக்கும் பேட்டரிக் கழிவுக்கும் தனித்தனியே 2022இல் விதிகள் வந்துவிட்டன. இவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிறவர் இதிலும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். நேரில் சொன்னேன், தலையாட்டினார்.

போகிறவர்கள் குற்றாலம் சீசன் கூட்டத்தில் போகாமல், புரட்டாசிக்கு மேல் காலை பதினொன்றுக்குள் போவது நல்லது. மாலையில் கடை நிறையப் பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள். அடாப்டர், கேபிள், அச்சுப்பொறியின் இணைப்பு வடம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். அவரே நம்மைத்தான் தட்டச் சொல்கிறார். திருகுகளை எண்ணி வாங்குங்கள். சாரல் மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது கணினியை அரைமணி நேரம் ஓட்டினால் உள்ளே பிறக்கும் சூட்டில் ஈரம் போய்விடும் என்று அவர் சொன்னதை நான் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் விடாமல் செய்துவந்தேன். அலுவலகக் கணினி ஒருநாளும் மூன்று முறை கத்தவில்லை. நாடாக்களில் பத்தொன்பது முடிந்திருக்கின்றன. இருபதாவதில் பூஞ்சை அதிகம், அதைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் டேப் ரெக்கார்டரின் படிக்கும் முனை கெடும் என்பதால், பொங்கல் கழித்து அதையும் எடுத்துக்கொண்டு அவரிடமே போகப்போகிறேன்.